வலது காலின் பெருவிரல்

அக்காவுக்கு வலித்தால் வலது காலின் பெருவிரல் மட்டும் மேலே எழும். மற்ற நான்கு விரல்களும் தரையோடு இருக்கும். முகம் சிரித்துக்கொண்டிருக்கும். வாய் “ஒன்னுமில்ல லா” என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஒரு விரல் மட்டும், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கையைத் தூக்குவதுபோல நிமிர்ந்து நிற்கும். வலி இறங்கிய பிறகுதான் அதுவும் இறங்கும்.

உடன்பிறந்த அக்கா அல்ல. ஈப்போ பக்கம், செமோருக்கு வெளியே எங்கள் தாமான் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர். ரப்பர் தோட்டத்தை மூடி, பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, லயத்தில் இருந்த தொழிலாளர்களுக்கென்று கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள் எங்களுடையவை. என்னைவிட ஏழு வயது மூத்தவர். டைல்ஸ் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. காலை ஷிப்டு என்றால் மாலையில் ஓடுவார், மாலை ஷிப்டு என்றால் காலையில் ஓடுவார். ஓடாத அக்காவை எங்கள் தாமானில் யாரும் பார்த்ததில்லை. பள்ளியில் படித்தபோது மாவட்டத்துக்காக ஓடியவர் என்று என் அம்மா சொல்வார். ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிய, அதெல்லாம் நின்றுபோனது. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

அந்த விரலை நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வாசல்படியில் உட்கார்ந்து பள்ளிக் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வேலை முடிந்து வந்தவர், எங்கள் கேட்டருகே நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து, பெட்டி ஒட்டும் டேப்பால் சுற்றியிருந்தார்.

“என்னாடி அது கையில?”

“பெட்டி விழுந்துருச்சு அத்தே. ஒன்னுமில்ல லா. நகம்தானே, போனா மொளைக்கும். பெட்டியில ஒரு டைல்ஸ்கூட ஒடையல, சூப்பர்வைசருக்கு ரொம்ப சந்தோசம்.”

அம்மா சிரித்தார். நான் தரை மட்டத்தில் இருந்ததால் சிலிப்பருக்குள் அந்தப் பெருவிரல் விறைத்து நிற்பதைப் பார்த்தேன். பேச்சு முழுக்க அது இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் பேசும்போதெல்லாம் கீழே பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அவரும் பிடித்துவிட்டார். “டேய், வாய் மேல இருக்கு. நீ எங்கடா பாக்குற?” நான் விரலைப் பற்றிச் சொன்னேன். குனிந்து தன் காலைத் தானே பார்த்தார், யாரோ வேறு ஆளின் காலைப் பார்ப்பதுபோல. “இது எப்ப இருந்து காட்டிக் குடுக்குது?” என்று கேட்டுவிட்டு, மற்றக் காலால் அந்த விரலை மிதித்துக்கொண்டு நின்றார்.

வலியைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. “வலின்னா வர்றவன் போறவன் லா தம்பி. நாற்காலி போட்டு உக்கார வைக்கக் கூடாது.” ஒருமுறை இதைச் சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பக்கம் தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்க வீட்டுல வேற ஒரே நாற்காலிதான். அதுல அம்மா உக்காந்திருக்கு.”

அவருடைய அம்மா உண்மையிலேயே நாற்காலியில்தான் இருந்தார், சக்கர நாற்காலியில். இனிப்புநீர், சர்க்கரை வியாதி. பல வருடம் மாத்திரையை ஒரு வேளை போட்டு இரு வேளை மறந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை சாமி அறையில் சாம்பிராணி போடும்போது தட்டிலிருந்து ஒரு கரித்துண்டு விழுந்திருக்கிறது. அதன்மேல் நின்றுகொண்டே பூசையை முடித்திருக்கிறார். அக்கா அடுப்படியில் இருந்திருக்கிறார்.

“கருகுற வாசம் வந்துச்சுடா. நான் சாம்பிராணின்னு நெனச்சேன்.”

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா வலிக்கிறது என்று சொன்னதெல்லாம் இல்லாத காலில்தான். இருக்கும் காலில் எதுவும் தெரியாது. இல்லாத காலைப் பிடித்துவிடச் சொல்லி அழுவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, காற்றில், அந்தக் கால் இருக்க வேண்டிய இடத்தில், கையை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருப்பார். அந்த அம்மா தூங்கிவிடுவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்னாளில் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருப்பதைப் படித்தபோது, அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு நேரம் எடுத்தது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா லாரி உதவியாளர், அம்மா பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. விளையாட்டு அறிவியல் என்று கடிதம் வந்தபோது, “வெளையாடுறதுக்கா நாலு வருசம்?” என்று அப்பா கேட்டார். அக்காதான் விளக்கினார்: “இல்ல மாமா, ஒடம்பு எப்படி ஓடுதுன்னு படிக்கிறது. கார் மெக்கானிக்கு மாதிரி, மனுசனுக்கு.” அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் வருடம் முழுக்க உடற்கூறு. தசைகளின் பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதை இழுக்கிறது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் தொட்டுப் பார்த்துப் படிக்க ஓர் உடம்பு வேண்டும். என் கால்களில் எதுவும் தெரியாது, சதை மூடியிருக்கும். அக்காவின் கால்கள் அப்படியில்லை. தாமான் பாடாங்கின், விளையாட்டுத் திடலின், ஓரத்தில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, ஓடி முடித்த காலை நீட்டுவார். கெண்டைக்கால் தசையின் இரண்டு தலைகளும் தனித்தனியாகத் தெரியும். அடியில் அகலமாக இன்னொரு தசை. குதிகாலுக்கு இறங்கும் நாண் விரலால் தட்டினால் தந்திபோல நிற்கும். நான் லத்தீன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

“இவ்ளோ பேரும் என் காலுக்குள்ள இருக்கானுங்களா? யாரைக் கேட்டு உள்ள வந்தானுங்க?”

“பொறந்ததுல இருந்து இருக்காங்க அக்கா.”

“ஒருத்தன்கூட சொல்லல பாரு. நான் பாட்டுக்குத் தனியாதான் ஓடுறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

முன்பக்க எலும்பை ஒட்டி ஆழத்தில் ஒரு மெல்லிய தசை உண்டு. அதன் வேலை பெருவிரலைத் தூக்குவது. அதை நான் காட்டியபோது அக்கா அந்த இடத்தைத் தன் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, “இவன்தானா அந்த ஆளு” என்றார்.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியும் எண்ணியிருக்கிறேன். ஓய்வில் நாற்பத்தெட்டு. என்னுடையது எழுபத்தாறு. நாற்பத்தெட்டு என்றதும் பயந்துவிட்டார். “கொறஞ்சு போச்சா? செத்துருவனாடா?” பயிற்சி உள்ள இதயம் ஒரு தடவைக்கு நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால் அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை என்றேன். அதை அவர் மறக்கவே இல்லை. கேட்பவர்களிடமெல்லாம், “என் நெஞ்சு சோம்பேறி லா. ஆனா ஒரு தடவ வேல செஞ்சா ஒழுங்கா செஞ்சுரும்” என்பார்.

பொம்பாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் விண்ணப்பம் போட்டது நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது. தீயணைப்புத் துறை. எங்கள் தாமானிலிருந்து அதுவரை ஒரு பெண் அப்படி விண்ணப்பித்ததில்லை. முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஓட்டம், இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர், திடலில் ஆறு சுற்று. அந்த ஆண்டோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. இதில் தவறினால் இன்னொரு தடவை கிடையாது. கிடைத்தால் அரசாங்க வேலை. அம்மாவின் மருத்துவமும் அதோடு சேர்ந்துவிடும். பெட்டி அடுக்கும் வேலையில் இனி எத்தனை வருடம் முதுகு தாங்கும் என்று அவரும் யோசித்திருக்க வேண்டும். ஆனால் என்னிடம் சொன்ன காரணம் வேறு. “அந்த வேலையில எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கலாம்டா. அதுக்குப் போயி சம்பளம் வேற தர்றானுங்க.”

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது விடுமுறைக்கு வந்தேன். அக்கா தூரத்தைத் திடீரென்று இரண்டு மடங்காக்கியிருந்தார். மண் சாலையை விட்டுவிட்டுத் தாரில் ஓடிக்கொண்டிருந்தார், நேரம் சரியாகக் கணக்கெடுக்க. காலணியின் அடிப்பாகம் ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தது. அவர் எங்கள் வீட்டைக் கடந்து ஓடியபோது வலது கால் தரையைத் தொடும் சத்தம் இடது காலைவிட மெலிதாகக் கேட்டது. உடம்பு எடையை அந்தக் காலில் முழுதாகப் போடவில்லை.

அன்று மாலை பாசார் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள மாமாக் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தே தாரேக் வந்த பிறகு, வேறு யாருக்கோ என்பதுபோலக் கேட்டார்.

“தம்பி, ஓடுறவங்களுக்கு இந்த முன்னெலும்புல வலி வருமே, அது என்னா?”

எனக்கு யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று இருந்த காலம் அது. அந்த அத்தியாயத்தைப் போன மாதம்தான் தேர்வுக்குப் படித்திருந்தேன். மேசையில் இருந்த டிஷ்யூவை விரித்து, பேனாவால் காலை வரைந்தேன். இரண்டு வகை உண்டு அக்கா, என்று தொடங்கினேன். ஒன்று, எலும்போடு தசை ஒட்டியிருக்கும் இடம் புண்ணாவது. அது ஆபத்தில்லை, ஐஸ் வைத்துக் கொஞ்சம் குறைத்து ஓடலாம். இன்னொன்று எலும்பிலேயே மயிரிழை விரிசல். அதற்கு ஓடவே கூடாது, ஆறு எட்டு வாரம்.

“எலும்பு எப்படிடா சும்மா ஓடுறதுக்கு விரியும்? விழக்கூட இல்லையே.”

எலும்பு கல் அல்ல, அது உயிரோடு இருக்கிறது என்றேன். அதிக பாரம் விழுந்தால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். பழையதைத் தின்று எடுக்கும் செல்கள் முதலில் வரும். புதியதைக் கட்டும் செல்கள் சில வாரம் கழித்துத்தான் வரும். இடைப்பட்ட நாளில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது ஓடினால் விரியும்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “நம்ம தாமான் கதைதான். லயத்த ஒடைக்க ஆளு டாண்ணு வந்துட்டானுங்க. வீடு கட்டறவனதான் ரெண்டு வருசம் காணோம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழ படுத்திருந்தோம், நீ கைப்புள்ள.”

பிறகு கேட்டார்: “ரெண்டுல எதுன்னு எப்படித் தெரியும்?”

சொன்னேன். கட்டைவிரலால் எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் முதல் வகை. ஒரே ஒரு புள்ளியில், ஐந்து காசு அகலத்தில், குத்துகிறமாதிரி வலித்தால் இரண்டாவது. டிஷ்யூவில் இரண்டையும் வரைந்து காட்டினேன். ஒன்றுக்குக் கோடு போட்டேன். இன்னொன்றுக்குப் புள்ளி வைத்தேன். அக்கா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“மாமா, இந்த டாக்டருக்கு இன்னொரு தே,” என்று கடைக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் பாடாங் பெஞ்சில் காலை நீட்டினார். “சும்மா ஒரு தடவ பாத்துச் சொல்லு லா. இருந்தாலும் நீ படிச்சவன்.” காலணியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றவில்லை.

“ஸ்டோக்கினையும் கழட்டுங்க அக்கா.”

“ஓட்ட விழுந்திருக்குடா, வெக்கமா இருக்கு. எலும்பு மேலதானே இருக்கு, பாரு.”

கட்டைவிரலை வைத்து முழங்காலுக்குக் கீழிருந்து இறங்கினேன்.

“இங்க?”

“கொஞ்சம்.”

“இங்க?”

“அங்கயும் கொஞ்சம்.”

கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வந்தபோது எலும்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. அழுத்தினேன்.

“இங்க?”

“அதே மாதிரிதான். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி. பரவலா இருக்கு லா.”

பரவலா. அது அக்கா புழங்கும் சொல் அல்ல. முந்தின நாள் மாமாக் கடையில் நான் சொன்ன சொல்.

ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதிக்கச் சொன்னேன். குதித்தார். பத்து முடிந்ததும், “இன்னும் அஞ்சு வேணுமா?” என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன். வெயிலில் வியர்த்த முகம், சிரிப்பு. தசை ஒட்டும் இடத்தில்தான் புண் அக்கா, எலும்பில் ஒன்றும் இருக்காது என்றேன். ஐஸ் வைக்கச் சொன்னேன். பாதித் தூரம் ஓடச் சொன்னேன்.

“டாக்டரே சொல்லிட்டாரு,” என்று காலணியை மாட்டிக்கொண்டார்.

ஓட்டம் நடந்த அன்று நானும் ஈப்போவுக்குப் போனேன், அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து. காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. முப்பது பெண்கள் இருப்பார்கள். பெரும்பாலும் மலாய்ப் பெண்கள், அக்காவைவிடப் பத்து வயது சின்னவர்கள். முதல் சுற்றிலேயே அக்கா முன்னால் வந்துவிட்டார். இரண்டு, மூன்று. நான்காவது சுற்றில் அவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் பாதித் திடல் இடைவெளி. தோள்கள் தளர்வாக, தாடை தளர்வாக, பாடப்புத்தகத்தில் படம் எடுத்துப் போடலாம்போல ஓடினார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாவது சுற்றின் வளைவில் சத்தம் கேட்டது. காய்ந்த செம்பனை மட்டை ஒடிவதுபோல. அந்தத் தூரத்துக்கு அது கேட்டிருக்க முடியாது என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்குக் கேட்டது.

விழுந்தவர் உடனே எழுந்துவிட்டார். அதுதான் கொடுமை. எழுந்து, இடது காலால் மட்டும் ஏழெட்டு எட்டுக் குதித்து முன்னால் போனார். அதிகாரி ஓடி வந்து தோளைப் பிடித்து நிறுத்தியபோது, “சாயா போலே, துவான். சாயா போலே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் முடியும் ஐயா, என்னால் முடியும். மூட்டே இல்லாத இடத்தில் கால் மடிந்திருந்தது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி ஓடினார்கள்.

வேலியைத் தாண்டிப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஒன்னுமில்ல லா தம்பி.”

பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தில் உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் பழைய விரிசல் தெரிகிறது என்று மருத்துவர் சொன்னார். ஆறாவது சுற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தபோது நான் கட்டிலருகே நின்றிருந்தேன்.

“இவந்தான் முன்னாடியே பாத்தானாமே, இவனுக்குத் தெரியலையா?” என்று அம்மா கேட்டார்.

“தம்பி நல்லாத்தான் பாத்துச்சு அத்தே,” என்றார் அக்கா. “நான்தான் பள்ளத்துல கால வச்சுட்டேன். தெடல்ல பெரிய பள்ளம்.”

அந்தத் திடலில் பள்ளம் கிடையாது. மெழுகிய தரைபோல இருக்கும். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் அதுதான். அதற்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

அக்காவின் அம்மா அடுத்த ஆண்டு போய்விட்டார். எடை தூக்கும் வேலைக்கு அக்காவை மறுபடி எடுக்கவில்லை. சிலிம் ரிவர் பக்கம் அவருடைய சித்தி வீட்டுக்குப் போனார், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாதுகாவலர் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். கேட்டருகே ஒரு சின்ன அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வேலை. நான் படித்து முடித்து, ஈப்போவில் ஒரு மறுவாழ்வுப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். முழங்கால் அறுவை முடிந்தவர்களையும் பக்கவாதத்திலிருந்து எழுந்தவர்களையும் நடக்க வைப்பது என் வேலை. அழுத்திப் பார்க்கும்போது எதற்காக அழுத்துகிறேன் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. “எங்கு வலிக்கிறது” என்று கேட்டுவிட்டு அவர்களுடைய பாதத்தைப் பார்ப்பேன். உடன் வேலை செய்பவர்கள் இதைக் கேலி செய்வார்கள்.

போன வருடம் எங்கள் தாமானில் இருந்த ஒரு வீட்டுப் பெண்ணுக்கு சிலிம் ரிவரில் கல்யாணம். கோவில் மண்டபம். அங்கே அக்காவைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. உடம்பு கனத்திருந்தது. கழுத்தின் பின்புறம் கறுத்திருந்தது. சேலை கட்டியிருந்தார், ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். என்னைக் கண்டதும் அதே சிரிப்பு.

“டாக்டர் வந்துட்டாரு. டேய், என்னடா மீசையெல்லாம்.”

சாப்பாடு மண்டபத்துக்கு வெளியே, பின்பக்கக் கூடாரத்தில். செருப்புகள் எல்லாம் முன்வாசலில். இடையில் ஒரு சிமெண்டு முற்றம், உச்சி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஆஹ் ஊஹ் என்று குதித்துக் குதித்து அதைக் கடந்தார்கள். பட்டுவேட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் ஓடினார்கள். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் குதிகாலில் ஓடித்தான் அந்தப் பக்கம் போனேன்.

அக்கா மட்டும் மெதுவாக நடந்து வந்தார். நடுவில் நின்று, யாரோ ஒரு தெரிந்த பெண்ணின் சேலையைத் தொட்டுப் பார்த்து விலை விசாரித்தார். அந்தப் பெண் சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டே பதில் சொன்னார். கூடாரத்தில் இருந்த ஒருவர், “அவங்களப் பாரு மச்சான், கல்லு லா அவங்க” என்றார்.

பழக்கதோஷத்தில் நான் கீழே பார்த்தேன். வலது பெருவிரல் மற்ற நான்கு விரல்களோடு சமமாகத் தரையில் படிந்திருந்தது.

அவர் வந்து சேர்ந்ததும் கூடாரத்தின் கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். தொண்ணூற்றிரண்டு.

“சோம்பேறி இப்ப சுறுசுறுப்பாயிட்டானா?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

“அக்கா, அன்னிக்குப் பெஞ்சுல, நான் அழுத்துனப்போ,” என்று தொடங்கினேன். எட்டு வருடம் மனதில் ஓட்டிப் பார்த்த வாக்கியம், பாதியில் நின்றது. “ஸ்டோக்கினுக்குள்ள அந்தப் பெருவிரல் மேல வந்துச்சு. நான் பாத்தேன் அக்கா. பாத்துட்டுத்தான் ஒன்னுமில்லன்னு சொன்னேன். நீங்க ஓடணும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு.”

அந்தப் பக்கம் பந்தியில் யாரோ ரசம் கேட்டுக் கூப்பிட்டார்கள்.

“நீ பாத்தது எனக்குத் தெரியும்டா,” என்றார் அக்கா. “நீ கீழ பாத்தே, அப்புறம் மேல பாத்தே. சரி, இவனும் நம்ம கூட ஓடுறான்னு நெனச்சுக்கிட்டேன்.”

பிறகு முழங்காலைத் தட்டினார். “அதெல்லாம் விடு. இப்ப வலியே இல்ல தெரியுமா. கம்பி இருக்கறதுகூட தெரியல. பாதம் ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு. நெசமா சொல்றேன், பொய் இல்ல.”

பொய் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வலி இல்லை என்ற வார்த்தை உண்மையாக வந்து நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

நான் தரையில் உட்கார்ந்து அவருடைய வலது பாதத்தை என் மடியில் எடுத்து வைத்தேன். “டேய், சாப்பாட்டு எடத்துல என்னடா இது” என்று இழுக்கப் பார்த்தார், விடவில்லை. குதிகாலிலும் விரல்களுக்குக் கீழேயும் தோல் வெளுத்து, நீர்கோத்து எழும்பத் தொடங்கியிருந்தது. பாதம் இன்னும் சூடாக இருந்தது.

“இனிப்புநீர் பாத்தீங்களா அக்கா?”

“எனக்கு எதுக்குடா, நான்தான் ஓடுன ஒடம்பாச்சே.”

“கண்ண மூடுங்க. நான் விரல் நுனியத் தொடுவேன். தொட்டவுடனே சொல்லணும். சும்மா சொல்லக் கூடாது.”

“உன்கிட்ட சும்மா சொல்லி நான் பட்டது பத்தாதா,” என்று கண்ணை மூடினார். கல்யாணப் பொட்டும் பூவுமாக, பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைபோல முதுகை நிமிர்த்தி, முகத்தில் சிரிப்போடு காத்திருந்தார்.

சுண்டுவிரலின் நுனியில் என் விரலை வைத்து எடுத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. பெருவிரலில் வைத்தேன். அங்கே எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

“தொடு லா தம்பி,” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல். “எவ்ளோ நேரம்டா இப்படியே உக்காந்திருக்கறது.”